பழைய கென்வர்த் ட்ரக் ஓடிப் பழகிறது: கிளச்சை அடிமட்டும் மிதிக்காதேங்கோ

பதினொரு வருசமா ஒன்டாரியோவில 401 ஹைவேயில ட்ரக் ஓடுறன். ஓடினது முழுக்க ஒட்டோமாட்டிக். போன வருசம் மச்சானும் நானும் சேர்ந்து 1979ஆம் ஆண்டு கென்வர்த் டபிள்யூ900ஏ ஒண்டு வாங்கினம். கம்மின்ஸ் என்டிசி-350 எஞ்சின், ஃபுல்லர் 13 கியர் மனுவல் கியர்பாக்ஸ். வாங்கின அண்டைக்கு அதை வளவுக்குள்ள இருந்து ரோட்டுக்கு எடுக்க எனக்கு இருபது நிமிசம் பிடிச்சது. பிறகு எப்பிடிப் பழகினன் எண்டதை எழுதுறன். உங்களிட்டை ஏஇசட் (காத்து பிரேக் உள்ள பெரிய ட்ரக் ஓடுற) லைசென்ஸ் இருக்கு, காத்து பிரேக் செக் பண்ணத் தெரியும் எண்டு வைச்சுக்கொள்ளுறன்.

1. ரயர்

தேயாமல் புதுசு மாதிரி இருக்கிறதைப் பார்த்து ஏமாறாதேங்கோ. பக்கச்சுவரில டொட் (DOT) எண்டு தொடங்கிற குறியின்ரை கடைசி நாலு இலக்கம் வாரமும் வருசமும். மூண்டே இலக்கம் எண்டால் 2000க்கு முந்தின ரயர். எங்கடை முன் ரயர் ரெண்டும் மூண்டிலக்கம்தான். பளபளவெண்டு இருந்தது, உடனை கழட்டி எறிஞ்சம். சில பேர் ரயரைச் சுத்தியலால தட்டிச் சத்தம் கேட்பினம். எனக்கு அதில நம்பிக்கை இல்லை. காத்து அளக்கிற நல்ல கேஜ் ஒண்டு வாங்குங்கோ.

2. பிரேக் சரிசெய்யிறது

அந்தக் காலத்து ட்ரக்கில ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் தேயத் தேய இடைவெளியைக் குறைக்கிற கை) தானா இறுகாது, கையாலதான் இறுக்கோணும். முதல் தரம் ஒரு மெக்கானிக்கோடை செய்யுங்கோ. காத்தை நிரப்பி, சில்லுகளுக்குக் கட்டை வைச்சு, எஞ்சினை நிப்பாட்டி, பார்க்கிங் பிரேக்கை விட்ட பிறகுதான் கீழை போறது. 9/16 ரிங் ஸ்பானரால அட்ஜஸ்டர் போல்ட்டின்ரை பூட்டுக் கொலரை உள்ளுக்கு அமத்திப் போல்ட்டைத் திருப்புங்கோ. பிரேக் பிடிக்கேக்க எஸ்-காம் (பிரேக் ஷூவை விரிக்கிற தண்டு) எந்தப் பக்கம் திரும்புமோ இப்பவும் அந்தப் பக்கமே திரும்போணும். ஷூ ட்ரம்மில முட்டினதும் கால் சுத்தில இருந்து அரைச் சுத்து பின்னுக்கு விடுங்கோ.

ஒருக்கா ஓடி வந்த உடனை சூடு பார்க்கிற லேசர் துவக்கை ஒவ்வொரு ட்ரம்மிலயும் பிடியுங்கோ. மற்றதெல்லாம் சுட, ஒண்டு மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தப் பிரேக் வேலை செய்யேல்லை.

3. ஸ்டார்ட்

ஸ்டார்ட்டர் சுத்துது, புகைக்குழாயில புகையே இல்லை எண்டால் எஞ்சினுக்கு டீசல் போகேல்லை. இந்தக் கம்மின்ஸில டீசல் பம்புக்கு மேல ஒரு சொலனொயிட் (கரண்டில திறக்கிற வால்வு) இருக்கும், அதில கையால திருகிற சின்னக் குமிழ் ஒண்டு. அதை உள்ளுக்குத் திருகினால் கரண்ட் இல்லாமலே டீசல் போகும். ஆனால் அப்பிடி ஸ்டார்ட் பண்ணினால் திறப்பை நிப்பாட்டினாலும் எஞ்சின் நிக்காது, குமிழைத் திரும்ப வெளியை எடுக்கோணும். இது தெரியாமல் நான் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு முழிச்சனான்.

4. கிளச்

நான் மாட்டுப்பட்ட இடம் இதுதான். கார் பழகின கால் கிளச்சை அடிமட்டும் மிதிக்கும். இதில பெடலின்ரை கடைசி ஒரு அங்குலம் கிளச் பிரேக். அது கியர்பாக்ஸுக்குள்ள போற தண்டைப் பிடிச்சு நிப்பாட்டும். வாகனம் நிக்கேக்க லோ கியருக்கோ ரிவேர்ஸுக்கோ போடத்தான் அது. ஓடேக்க அடிமட்டும் மிதிச்சால் தண்டின்ரை வேகம் சடாரெண்டு விழும், கியர் பல்லைக் கடிக்கும், கிளச் பிரேக்கின்ரை காதும் உடையும். எங்கடை மாதிரி ஒரே துண்டா வாறது எண்டால் அதை மாத்த கியர்பாக்ஸையே இறக்கோணும். உடைச்சது நானோ பழைய சொந்தக்காரரோ எண்டு மச்சான் இன்னும் விசாரணை நடத்துறார்.

எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு பெடலைக் கையால மெல்ல அமத்திப் பாருங்கோ. கடைசியில ஒரு புது இறுக்கம் தட்டுப்படும். அந்த இடத்தைக் கால் படிக்கிற வரைக்கும் ரோட்டுக்குப் போகாதேங்கோ. இரும்பு மூக்குச் சப்பாத்தை விட்டுப்போட்டு மெல்லிய அடிச் சப்பாத்துப் போடுங்கோ.

கியர் கூட்டேக்க: 1,700 ஆர்பிஎம்மில அரைக் கிளச் (பெடலைப் பாதி மட்டும் மிதிக்கிறது), நியூட்ரல், கிளச்சை விடுங்கோ. ஆர்பிஎம்மை 500 அளவு விழ விடுங்கோ. திரும்ப அரைக் கிளச், அடுத்த கியர். சரியா விழுந்தால் வாழைப்பழத்தில ஊசி ஏத்தின மாதிரிப் போகும். அவசரப்பட்டால் ஊருக்கே கேக்கும்.

குறைக்கேக்க: 1,300இல நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்சிலேட்டரால 1,800க்கு ஏத்தி, அரைக் கிளச்சில போடுங்கோ.

5. ரேஞ்ச், ஸ்பிளிட்டர்

கியர் கம்பில இருக்கிற ரேஞ்ச் நெம்பு கியர்களைக் கீழ் ரேஞ்ச், மேல் ரேஞ்ச் எண்டு பிரிக்கும். நாலில இருந்து அஞ்சுக்குப் போக, கியரில இருக்கேக்கயே ரேஞ்ச் நெம்பை மேல தூக்கிப்போட்டுத்தான் நியூட்ரலுக்கு எடுக்கோணும். நான் நியூட்ரலுக்கு வந்த பிறகு தூக்கிக் கொண்டிருந்தனான்; அப்ப வந்த சத்தம் இருக்கே! இறங்கேக்கயும் இதே ஒழுங்குதான். பக்கத்தில இருக்கிற ஸ்பிளிட்டர் பொத்தான் ஒவ்வொரு கியரையும் ரெண்டாப் பிரிக்கும், அது மேல் ரேஞ்சில மட்டும். அதுக்குக் கம்பை அசைக்கத் தேவையில்லை, ஆர்பிஎம் 250 அளவுதான் விழும்.

பிற்சேர்க்கை: ஒரு தம்பி கேட்டார், ஒட்டோமாட்டிக் ட்ரக்கில டெஸ்ட் எடுத்த ஏஇசட்டோடை இதை ஓடலாமோ எண்டு. ஒன்டாரியோவில 2022 ஜூலையில இருந்து அப்பிடி எடுத்த ஆக்களின்ரை லைசென்ஸில மனுவல் ஓடேலாது எண்டு கட்டுப்பாடு விழுந்திருக்கும். மனுவல் ட்ரக்கில திரும்ப டெஸ்ட் எடுங்கோ.

இன்னொண்டு: இறக்கத்தில கியர் மாத்தப் போய் நியூட்ரலில மாட்டுப்பட்டதா ஒராள் எழுதியிருந்தார். மேட்டின்ரை உச்சிக்கு முதலே குறைச்ச கியரில போட்டுப்போட்டு இறங்குங்கோ. நடுவில ஆசைப்படக் கூடாது.

6. கொண்டுவந்து விடேக்க

ரேர்போ ஆறட்டும், மூண்டு நாலு நிமிசம் ஐடிலில விடுங்கோ. குளிர்காலத்தில ரோட்டு உப்புப் பட்டால் சேசிஸுக்குக் கீழை வடிவாக் கழுவோணும். ரெட்டைச் சேசிஸ் எண்டால் ரெண்டு தகட்டுக்கும் இடையிலதான் கறல் ஒளிச்சிருக்கும்.

கடைசியா பிரேக்கின்ரை காத்துத் தாங்கியளைத் திறந்து விடுங்கோ. கீழை ஒரு வெள்ளை வாளி வையுங்கோ, என்ன வருதெண்டு தெரியும். எங்கடதில முதல் நாள் அரைக் கோப்பை வந்தது, பால்தேத்தண்ணி நிறத்தில. காத்து அடிக்கிற கொம்பிரஸர் எண்ணெய் கக்குது எண்டு அப்பதான் தெரிஞ்சது. அதைக் கழட்டின கதை அடுத்த தரம்.