பட்டாளத்து ரெக்கார்டில் தப்பு இருக்கிறதா? முதலில் எந்தக் காகிதத்தில் தப்பு என்று பாருங்கள்

வேலூர் மாவட்டத்துப் பரதராமியைத் தாண்டினால் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் நிறைய. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையைச் சொல்லவே வேண்டாம், வீட்டுக்கு வீடு ஒருவராவது ராணுவத்துக்குப் போயிருப்பார். இவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்தை விட்டு வரும்போது தருவது), பிபிஓ (பென்ஷன் உத்தரவு), ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பெயரும் தேதியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கல்யாணமாகி லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பிய அப்பா, மனைவி பெயர் என்ன என்று கிளர்க் கேட்டதும் வீட்டில் கூப்பிடுகிற பெயரான பாப்பம்மா என்பதையே சொல்லிவிட்டார். குடும்ப விவரங்களைப் பதிகிற ராணுவ உத்தரவான பார்ட் டூ ஆர்டரில் அது ஏறிவிட்டது. அம்மாவின் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் விஜயலட்சுமி. முப்பது வருடத்துக்கு மேல் யாருக்கும் இது உறைக்கவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் கார்டுக்கு எழுதிப்போட்டபோதுதான் மாட்டியது. அப்பா உயிரோடு இருந்தார், அவரே கையெழுத்துப் போட்டார், அலைச்சல்தான் என்றாலும் எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. எங்கள் தெருவிலேயே இன்னொரு அம்மாவுக்கு இதே தப்பு. ஆனால் கணவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்குப் போனபோதுதான் தெரிய வந்தது. நாற்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவர், நான்தான் அவர் மனைவி என்று காகிதத்தில் நிரூபிக்க ஒன்றரை வருடம் நடந்தார். அதனால் அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பலர் நேராக வக்கீலிடமோ கெசட்டுக்கோ போகிறார்கள். வேண்டாம். தப்பு எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் போக வேண்டிய இடம் அதைப் பொறுத்துத்தான் மாறும். ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புக், பழைய பிபிஓ, அதற்கு அப்புறம் வந்த திருத்த பிபிஓக்கள், ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் தெரிகிற விவரம், ஆதார், பான், பேங்க் பாஸ்புக். ஒவ்வொன்றிலும் பட்டாளத்தில் இருந்தவர் பெயர், பிறந்த தேதி, பட்டாளத்தில் சேர்ந்த நாள், வெளியே வந்த நாள், ரேங்க், குரூப் (சம்பளப் பிரிவு), மனைவி பெயர், மனைவி பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் என்று எழுத்துக்கு எழுத்து இங்கிலீஷில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். புள்ளி, இடைவெளி, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரைக்கும்.

டிஸ்சார்ஜ் புக்கும் பிபிஓவும் சரி, ஆதார் மட்டும் தப்பு என்றால் ராணுவத்தைத் தொடவே தொடாதீர்கள். ஆதாரைத்தான் மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். அவசரப்பட்டு அந்த வாய்ப்பைத் தொலைத்துவிட்டால் அப்புறம் பெரிய தொல்லை, அதனால் பிபிஓவில் இருக்கிற எழுத்துக்கூட்டலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபரேட்டர் தட்டுவதைத் திரையில் நீங்களே படித்துப் பார்த்து, சரி என்ற பிறகு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் புக் சரி, பிபிஓ சரி, ஸ்பர்ஷில் மட்டும் ரேங்கோ குரூப்போ சர்வீஸ் வருடமோ மாறியிருக்கிறது என்றால், பேங்கில் இருந்து ஸ்பர்ஷுக்கு விவரத்தை மாற்றும்போது வந்த தப்பாக இருக்கலாம். ஸ்பர்ஷ் கணக்குக்குள் போய் குறை பதிவு செய்து, பிபிஓவின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து இணைத்தால் போதும். கட்டணமில்லா எண் 1800 180 5325. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்குப் போகலாம், ஆனால் பாஸ்வேர்டை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். இந்த விவரங்களை அலட்சியம் செய்யக்கூடாது. ஒரே ரேங்க், ஒரே பென்ஷன் கணக்கு ரேங்க், குரூப், சர்வீஸ் வருடம் இந்த மூன்றையும் வைத்துத்தான் போடப்படுகிறது, ஒன்று மாறினாலும் மாதாமாதம் பணம் குறையலாம்.

டிஸ்சார்ஜ் புக் சரியாக இருந்து பிபிஓவில் மட்டும் தப்பு என்றாலும், அல்லது டிஸ்சார்ஜ் புக்கிலேயே தப்பு என்றாலும் போக வேண்டியது ரெக்கார்டு ஆபீஸுக்கு, அதாவது அவருடைய ராணுவப் பதிவேடுகளை வைத்திருக்கிற அலுவலகத்துக்கு. பிபிஓ போடுவது பிரயாக்ராஜில் இருக்கிற பென்ஷன் கணக்கு அலுவலகம், ஆனால் ரெக்கார்டு ஆபீஸ் சொல்லாமல் அவர்கள் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார்கள். பேங்க் மேனேஜரிடம் சண்டை போடுவதில் பயனே இல்லை.

எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பது அவர் இருந்த ரெஜிமென்ட்டைப் பொறுத்தது, சொந்த ஊரைப் பொறுத்தது இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். எம்.இ.ஜி, அதாவது நம் மெட்ராஸ் சாப்பர்கள், பெங்களூரு. ஏ.எஸ்.சி (சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) தெற்கும் பெங்களூருதான். ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இயும் (எந்திரப் பராமரிப்புப் பிரிவு) ஆர்ட்னன்ஸும் செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. ரிட்டயர் ஆகி டி.எஸ்.சியில் (ராணுவ இடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பிரிவு) மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரில் இன்னொரு ரெக்கார்டு இருக்கும். அவர்கள் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும், ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால் இரண்டு பென்ஷனும் இரண்டு பெயரில் நிற்கும்.

இனி நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரெக்கார்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் வடநாட்டுக்காரராக இருந்தால் அவருக்கு இது எதுவும் புரியாது, நாம்தான் புரிய வைக்க வேண்டும்.

முதலாவது தொல்லை, இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ராணுவ ரெக்கார்டில் வெறும் முருகன் என்று இருக்கும், ஆதாரில் கே. முருகன், பானில் அப்பா பெயரை விரித்து முருகன் கிருஷ்ணன். மூன்று பேர் மாதிரி தெரியும். எல்லை தாண்டிச் சித்தூர், பலமநேர், நகரி பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயரை முன்னால் சேர்த்துவிடுவார்கள், அதனால் ராணுவத்தில் இல்லாத ஒரு பெயர் ஆதாரில் முதலில் வந்து நிற்கும். விண்ணப்பத்தில் இதை ஒரு வரியில் எழுதுங்கள்: இந்த எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கிறது, அல்லது இது வீட்டுப் பெயர், ஆள் ஒருவரே என்று.

இரண்டாவது தொல்லை, மாவட்டம். 1989க்கு முன்னால் சேர்ந்தவர் ரெக்கார்டில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அந்த மாவட்டம் அந்த வருடம் இரண்டாகப் பிரிந்தது, 2019ல் வேலூரில் இருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனியாகப் போயின. 2022ல் சித்தூர் மாவட்டமும் பிரிந்தது. திருத்தணி பக்கத்து மிகவும் மூத்தவர்களுக்கு இன்னும் வேடிக்கை, 1960 வரை அது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர் நகரவில்லை, பெயர்தான் மாறியது. இதற்காகப் பிறந்த ஊரையோ சேர்ந்தபோது இருந்த முகவரியையோ திருத்தக் கேட்காதீர்கள். அது அன்றைக்குச் சரி. இப்போதைய முகவரியை மட்டும் புதுப்பிக்கக் கேளுங்கள். தாசில்தார் அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்து, அந்தத் தாலுகாவில் இருந்த இந்தக் கிராமம் இப்போது இந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒரு சான்று வாங்கி வைத்தால் நல்லது.

மூன்றாவது தொல்லை, பட்டாளத்தில் இருந்தவருடைய பிறந்த தேதி. இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ரிட்டயர் ஆன பிறகு சொந்தப் பிறந்த தேதியை ராணுவ ரெக்கார்டில் மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பணியில் சேர்ந்த ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும், கடைசிக் காலத்தில் வந்து கேட்டால் ஏற்க முடியாது என்று அரசு ஊழியர் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. சேரும்போது வாத்தியார் எழுதிக்கொடுத்த தேதியோடு சேர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் பலர், அது உண்மையான தேதி இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அதுதான் நிற்கும். ஆதாரையும் பானையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மனைவி, பிள்ளைகள் பிறந்த தேதி வேறு விஷயம், அதை ஆதாரம் காட்டித் திருத்தலாம்.

மனைவி பெயர் திருத்த என்னென்ன வைக்க வேண்டும்? எங்கள் அனுபவத்தில் கேட்டவை இவை: முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் கொடுத்த பிரமாணப் பத்திரம், அதில் இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒருவரே என்ற வாசகம், ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் ஒரு தமிழ்ப் பேப்பரிலும் விளம்பரம், முழுப் பக்கத்தோடு, ஆதார், பான், பள்ளிச் சான்று நகல்கள், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ, டிஸ்சார்ஜ் புக்கும் பிபிஓவும் நகலாக. ஒவ்வொரு ரெக்கார்டு ஆபீஸும் கேட்பது கொஞ்சம் மாறும், அதனால் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு கடிதம் போட்டு அவர்களுடைய பட்டியலை வாங்கிவிடுங்கள். கல்யாணமே ரெக்கார்டில் ஏறவில்லை என்றால் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். எத்தனை வருடத்துக்கு முன்னால் நடந்த கல்யாணமாக இருந்தாலும் இந்துத் திருமணச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். பெண் பிள்ளைகளின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். விதவையான, விவாகரத்தான மகளுக்கும், உழைத்துச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் குடும்ப பென்ஷனுக்கு வழி இருக்கிறது, ரெக்கார்டில் பெயர் இல்லை என்றால் அன்றைக்கு யார் போய் நிரூபிப்பது?

கடிதத்தை இங்கிலீஷில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரியிலேயே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த நாள், வெளியே வந்த நாள். நம்பரின் கடைசியில் இருக்கிற எழுத்தையும் விடக்கூடாது. நாயப் சுபேதார், சுபேதார் ஆனவர்களுக்கு ஜேசி நம்பர் வேறு, சிப்பாயாக இருந்தபோது இருந்த நம்பர் வேறு, இரண்டையும் எழுதுங்கள். அப்புறம் ரெக்கார்டில் இப்போது இருப்பது இது, இருக்க வேண்டியது இது என்று இரண்டே வரி. பட்டாளத்தில் பட்ட கஷ்டம், போர்க்கதை எதுவும் அதில் வேண்டாம். உணர்ச்சியாக எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் என்ன கேட்கிறார் என்பதே காணாமல் போய்விடும். இணைப்புகளுக்கு எண் போடுங்கள்.

நேரடியாக அனுப்புவதைவிட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்புங்கள். ஆந்திரப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கே மாவட்ட சைனிக் நல அலுவலகம். அவர்கள் அசலைப் பார்த்து மேலொப்பமிட்டு அனுப்பினால் ரெக்கார்டு ஆபீஸில் கேள்வி குறையும். அசலை மட்டும் யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். ஒருவர் அசல் டிஸ்சார்ஜ் புக்கையே அனுப்பிவிட்டு, அது திரும்பி வருமா என்று நான்கு மாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள்.

இரண்டு மாதமாகியும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, இன்ன தேதியில் அனுப்பிய என் விண்ணப்பத்தின் நிலை என்ன, என் குடும்ப விவரம் பதிந்த பார்ட் டூ ஆர்டரின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த நகல் கையில் வந்தால்தான் உள்ளே உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும். எங்கள் அப்பா விஷயத்தில் அதில்தான் அம்மாவின் பிறந்த வருடமும் தப்பு என்று தெரிந்தது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் முடித்தோம்.

முடியாது என்று எழுத்தில் பதில் வந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் சென்னை அமர்வு, கேரளத்துக்குக் கொச்சி. இறுதிப் பதில் வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் பதில் வந்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள். ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டது, பதவி உயர்வு கிடைக்கவில்லை என்பதெல்லாம் எழுத்துப் பிழை இல்லை, அவற்றை இந்தத் திருத்த விண்ணப்பத்தில் கலக்காதீர்கள்.

திருத்தம் ஆகிவிட்டது என்று ரெக்கார்டு ஆபீஸ் கடிதம் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். திருத்த பிபிஓ வந்ததா, ஸ்பர்ஷில் மனைவி பெயர் மாறியதா, பேங்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா, இசிஹெச்எஸ் கார்டும் கேன்டீன் கார்டும் அப்படியே இருக்கின்றனவா என்று முதலில் போட்ட கட்டத்தை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஒரு செட் நகலை அம்மாவின் பீரோவில் வைத்து, அதன் மேல் அப்பாவின் ஆர்மி நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று அவருக்குக் காட்டிவிடுங்கள்.