கடவுளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்வது எப்படி

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுக்கிறேன். ஓ எல் என்கிற சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "நான் பாஸா பெயிலான்னு கடவுளுக்கு இப்பவே தெரியுந்தானே டீச்சர், அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

"கேள்வி கேக்காம ஜெபம் பண்ணு" என்று வாயை அடைக்காதீர்கள். புனித அகுஸ்தீனாரே மல்லுக்கட்டிய கேள்வி அது.

முதலில் தெரிவது வேறு, செய்ய வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். நான் பிள்ளைகளை மேல்மலைக்குக் கூட்டிப்போவேன். கீழே லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஒருவர் கடைக்குப் போகிறார். ரோட்டால் சுற்றியும் போகலாம், தேயிலைக்குள் இறங்கும் குறுக்கிலும் போகலாம். அவர் குறுக்கில் இறங்குகிறார், நாம் பார்க்கிறோம். நம் பார்வையா அவரை இறக்கியது? ஆனால் ரயிலை உதாரணமாகக் காட்டிவிடாதீர்கள். தெமோதரையில் அது வளைந்து வந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைவது அழகுதான், ஆனால் தண்டவாளத்தை விட்டால் அதற்கு வேறு வழியில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை இங்கே மடக்கும்: "நாம இப்ப பார்க்கிறோம். கடவுளுக்கு நேத்தே தெரியுமே. நேத்தை மாத்த முடியாதே." முடிச்சு இதுதான், அவசரப்படாதீர்கள். சுமார் 524இல், மரண தண்டனைக்கு முன் சிறையிலிருந்து ரோமத் தத்துவஞானி போயத்தியுஸ் எழுதிய பதிலைத்தான் நான் சொல்வேன்: நமக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலம் முழுவதும் கடவுளுக்கு ஒரே நிகழ்காலம். நேற்று, நாளை, முன்பே என்பதெல்லாம் நம்முடைய சொற்கள்.

அப்புறம் இயேசுவின் சீடர் பேதுரு. சேவல் கூவுமுன் மூன்று முறை என்னைத் தெரியாது என்று மறுதலிப்பாய் என்று இயேசு அவரிடம் சொன்னார், அப்படியே நடந்தது. "வாயால சொல்லிட்டா அது நேத்தைக்குள்ள வந்துடுதே டீச்சர்" என்று போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. அடுத்த ஞாயிறு இப்படிச் சொன்னேன்: பேதுரு மறுதலிக்கப் போவதால்தான் அந்தச் சொல் வந்தது, அவர் உறுதியாக நின்றிருப்பார் என்றால் அந்தச் சொல்லே வந்திருக்காது. பேதுருவும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை, வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

ஆனால் ஒன்று. கேள்வி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மண்சரிவில் அம்மாயியைப் பறிகொடுத்த பையன் ஒருவன், "தெரிஞ்சிருந்தும் ஏன் டீச்சர் விட்டாரு?" என்று கேட்டான். அவனிடம் போய் மேல்மலை, போயத்தியுஸ் என்று ஆரம்பிக்கக் கூடாது. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, அவனோடு லயம்வரை நடந்தேன்.