எத்தனை கை மாறி வந்தது? ஆசிய, ஆப்பிரிக்க மொழி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘முதியவர் ஒருவர் இறந்தால் ஒரு நூலகமே எரிந்துபோகிறது.’ ஆப்பிரிக்கப் பழமொழி என்று குறிப்பு போட்டு, ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இதை வைப்பவர்கள் ஏராளம். உண்மையில் இது பழமொழியே இல்லை. மாலி நாட்டு எழுத்தாளர் அமடூ ஹம்பாதே பா, 1960இல் யுனெஸ்கோவில் வாய்மொழி மரபுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியபோது சொன்ன கருத்து. போகப்போக அது சுருங்கி, மெருகேறி, சொன்னவர் பெயரும் உதிர்ந்து, கடைசியில் ஒரு கண்டத்தின் தலையில் கட்டப்பட்டுவிட்டது.

ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,000 மொழிகள் பேசப்படுகின்றன. ‘ஆசிய வெண்பா’ என்று யாராவது எழுதினால் நாம் சிரிப்போம் இல்லையா? ‘ஆப்பிரிக்கப் பழமொழி’யும் அப்படித்தான். எந்த மொழி, மூலச் சொற்கள் என்ன, யார் எப்போது பதிவுசெய்தார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த மேற்கோளை விட்டுவிடுவதே நல்லது.

இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் நன்றாகப் படித்தவர்கள் செய்பவைதான். ஒரு சொல்லோ ஏடோ தேதியோ நம் மேசைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எடுத்து எழுதியவர், அச்சிட்டவர், மொழிபெயர்த்தவர், நூலகப் பட்டியல் போட்டவர் என்று ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று மாறுகிறது.

ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது

தமிழ் வாசகர்களுக்கு மிகவும் பிடித்த தவறு இது. கொரிய மொழியிலும் அம்மாவுக்கு ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’. அப்படியானால் கொரியனும் தமிழும் உறவுதானே? இந்த ஆசை புதிதும் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905லேயே ஒரு நூல் எழுதிவிட்டார். அந்த உறவை மொழியியலாளர்கள் இன்றுவரை ஏற்கவில்லை.

உதட்டை மூடித் திறந்தால் வரும் ம, ப ஒலிகள் குழந்தைக்கு எளிதில் வருகின்றன. பெற்றோர் அவற்றைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தொடர்பே இல்லாத மொழிகளிலும் இத்தகைய சொற்கள் கிடைக்கும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா. பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது. ஆங்கிலத்திலும் கெட்டதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலிதான். அந்த இரண்டு சொற்களுக்கும் வேர் வேறு.

உறவைக் காட்டுவது ஒழுங்கு. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல் என்பது ஹல்லு, பத்து என்பது ஹத்து, புலி என்பது ஹுலி. ஒலி இங்கே ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒரே மாதிரியாக மாறுபடுகிறது. அதுதான் சான்று. பழைய கன்னடத்தைத் திறந்து பார்த்தால் இதே சொற்கள் ப-வில் தொடங்குவதையும் காணலாம். பத்துச் சொற்கள் ஒத்திருக்கின்றன என்று பட்டியல் போடுவதைவிட, இப்படி ஒரு மாற்றம் இருபது சொற்களில் பிசகாமல் வருகிறதா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

கடன்சொல்லை வைத்து மொழியின் குலத்தைத் தீர்மானிப்பதும் இதே வகைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலியில் அரபுச் சொற்கள் நிறைய இருப்பதால் அதை அரபுக் கலப்பு மொழி என்று எழுதிவிடுகிறார்கள். ‘கிதாபு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அது. பன்மையில் சுவாஹிலிக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? ‘விதாபு’. ‘கிதி’ என்றால் நாற்காலி, ‘விதி’ என்றால் நாற்காலிகள். ஒருமைக்கு கி, பன்மைக்கு வி என்பது சுவாஹிலி சேர்ந்த ஆப்பிரிக்க மொழிக் குடும்பமான பாண்டுவின் பெயர்ச்சொல் வகுப்பு முறை. அரபியின் ‘கி’யையே தன் இலக்கணத்தின் ‘கி’யாக எடுத்து விழுங்கிவிட்டது சுவாஹிலி. ஆங்கிலத்தின் ‘கீப் லெஃப்ட்’ (இடப்பக்கம் செல்) போக்குவரத்து ரவுண்டானாவுக்குப் பெயராகி ‘கிபிலெஃப்தி’ ஆனது, பன்மையில் ‘விபிலெஃப்தி’. சொற்கள் எங்கிருந்து வந்தாலும் எலும்புக்கூடு பாண்டுவுடையது.

கண்ட எல்லையும் மொழி எல்லை இல்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை ஒட்டி இருக்கிறது. மலகாசி மொழிக்கோ நெருங்கிய சொந்தம் போர்னியோ தீவில்.

ஏட்டில் இருப்பது வேறு, அச்சில் இருப்பது வேறு

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலை பொத்துக்கொள்ளும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். தொல்காப்பிய மரபுப்படி மெய்க்கு மட்டுமல்ல, குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி உண்டு. புள்ளி போய்விட்டால் எரி, ஏரி இரண்டும் ஒரே உருவம். நெருப்பா நீரா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்று நாம் எழுதும் எ, ஏ வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தது. போதாததற்கு, ஏடுகளில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே வடிவம். ‘காடு’ என்றும் படிக்கலாம், ‘கரடு’ என்றும் படிக்கலாம்.

ஆக, அச்சுப் பதிப்பில் நாம் பார்க்கும் ஒவ்வொரு வரியும் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. 1894இல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை, அதாவது மூலத்தின் சரியான சொற்களை, தீர்மானித்தார்கள். ஏடுகளுக்குள் உள்ள வேறுபாடுகளை அடிக்குறிப்பிலும் தந்தார்கள். இணையத்தில் கிடைக்கும் மூலத்தில் பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பு இருக்காது, எந்தப் பதிப்பு என்ற விவரமும் இருக்காது. தேடிப் பார்க்க அது போதும், மேற்கோள் காட்டப் போதாது. ஒரே ஒரு சொல்லின் மேல் வாதத்தை நிறுத்துகிறீர்கள் என்றால், அந்தச் சொல்லுக்குப் பாடவேறுபாடு உண்டா என்று அச்சுப் பதிப்பில் பார்த்தே ஆக வேண்டும்.

குறியீடுகளும் இப்படித்தான் உதிரும். ரோமன் எழுத்தில் தமிழை எழுதும்போது ழ, ள, ல மூன்றையும் எழுத்தின் கீழ் இடும் கோடும் புள்ளியும்தான் பிரிக்கின்றன. கோப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது அவை போய்விட்டால் வாழையும் வாளையும் ஒன்றாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறியை விட்டுவிட்டால் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி நான்குக்கும் ஒரே எழுத்துக்கோவைதான்.

எழுத்தைப் பார்த்து மொழியைச் சொல்லாதீர்கள்

அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபு மொழி என்று நூலகப் பட்டியலில் ஏறிவிடுவதுண்டு. பிரித்துப் படித்தால் அது மேற்கு ஆப்பிரிக்க மொழிகளான ஹவுசாவாக இருக்கும், ஃபுல்ஃபுல்தேவாக இருக்கும், சுவாஹிலியாக இருக்கும். தமிழாகவும் இருக்கலாம், நம் அர்வி ஏடுகளைப்போல. ஆப்பிரிக்க மொழிகளை இப்படி அரபு எழுத்தில் எழுதும் மரபுக்கு அஜமி என்று பெயர். இன்றைய நைஜீரியாவில் உள்ள சொகோட்டோவில் வாழ்ந்த நானா அஸ்மாவு (1793–1864) அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுசா மூன்றிலும் கவிதை எழுதியவர். மூன்றுக்கும் எழுத்து ஒன்றே.

‘ஆப்பிரிக்க இலக்கியம் முழுக்க வாய்மொழிதான்’ என்ற வாசகத்தை இன்னமும் பாடநூல் நடையில் எழுதுகிறார்கள். அஜமியை மட்டுமல்ல, எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்தையும் அது மறைத்துவிடுகிறது. கீஸ் மொழியில் 4ஆம் நூற்றாண்டிலேயே அரசன் எசானாவின் கல்வெட்டுகள் இருக்கின்றன.

ஆண்டைக் கூட்டிக் கழிப்பது

இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டோடு 622ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு வந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். ஏட்டின் கடைசியில் 1141 என்று இருந்தால் அது 1763 ஆகாது, 1728–29. ஹிஜ்ரி சந்திர ஆண்டு. சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு, அது சேர்ந்துகொண்டே போகும். இங்கே 35 ஆண்டு பிசகு. அந்த 35 ஆண்டில் யார் யாருக்குக் குரு என்பதே தலைகீழாகிவிடும்.

தாய்லாந்தின் பௌத்த ஆண்டில் 543ஐக் கழிப்பார்கள். சரிதான். ஆனால் அங்கே ஜனவரி 1 புத்தாண்டானது 1941இல்தான். அதற்கு முன் ஏப்ரல் 1. எனவே 2475 பிப்ரவரி என்று ஒரு கடிதத்தில் இருந்தால் அது 1932 இல்லை, 1933 பிப்ரவரி. எத்தியோப்பிய நாட்காட்டி ஏழு அல்லது எட்டு ஆண்டு பின்னால் இருக்கும், எது என்பது மாதத்தைப் பொறுத்தது.

சோழர் கல்வெட்டில் எண்ணே இன்னொரு கதை. ‘கோப்பரகேசரிபன்மற்கு யாண்டு 10’ என்று இருக்கும், அதாவது பரகேசரி என்ற அரசனின் 10ஆம் ஆட்சியாண்டு. இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள் என்பதால் பல அரசர்கள் பரகேசரிகள். எழுத்தின் வடிவம், அரசனைப் புகழும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தி, கல்வெட்டில் வரும் ஆட்கள் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் யார் என்று சொல்ல முடியும். உறுதியாகத் தெரியாவிட்டால் ‘10ஆம் நூற்றாண்டு’ என்று பொதுவாக எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

ஒருவர் ஒரு நாள் சொன்ன கதை

மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மக்களுக்குச் சுன்ஜாட்டா என்ற அரசனைப் பற்றிய வாய்மொழிக் காவியம் உண்டு. பலர் கையில் இருப்பது வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தம்சிர் நியானே 1960இல் வெளியிட்ட பிரெஞ்சு உரைநடை, அல்லது 1965இல் வந்த அதன் ஆங்கில வடிவம். நியானேவுக்குக் கதை சொன்னவர் மாமடூ குயாத்தே என்ற ‘ஜெலி’, அதாவது பரம்பரைக் கதைப்பாடகர். ஒரு ஜெலியின் வாய், அவர் பேசிய மாலின்கே மொழி, பிரெஞ்சு, உரைநடை, பிறகு ஆங்கிலம். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இதை வைத்துக்கொண்டு ‘காவியத்தின் நடை’ பற்றி அத்தியாயம் எழுதினால், பாதி நியானேவின் நடையைப் பற்றித்தான் எழுதியிருப்போம்.

உரைநடையாக மாறும்போது முதலில் காணாமல் போவது கேட்பவரின் குரல். ஜெலி ஒவ்வொரு அடி சொல்லும்போதும் பக்கத்தில் ஒருவர் ‘நாமு’, ‘நாமு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம் வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவர் மாதிரி. ஆமா இல்லாத வில்லுப்பாட்டை நினைத்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று தெரியும். பலருடைய வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. குறைந்தது இரண்டையாவது பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

நீங்களே களத்துக்குப் போய்ப் பதிவுசெய்தால் பாடியவர் பெயர், இடம், நாள், சுற்றி யார் இருந்தார்கள் என்பதை அன்று இரவே எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பு எனக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. அவர் பெயரை வெளியிடலாமா, எல்லோரும் கேட்கக்கூடிய பாட்டுதானா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சில சடங்குப் பாடல்கள் ஊராருக்கே பொதுவாக இருப்பதில்லை.

பெயர்

முதலில் சொன்னவருக்குரிய பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பது ஒரு வகைத் தவறு. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்றதும் கால்டுவெல் 1856 என்று எழுதிவிடுகிறோம். கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்குச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் எழுதிய முன்னுரையில் அந்தக் கருத்து 1816லேயே சான்றுகளோடு வந்துவிட்டது. கால்டுவெல் அதை விரிவாக ஒப்பிட்டு நிலைநிறுத்தினார். இரண்டும் வேறு வேறு வேலை.

இன்னொரு வகை, மேற்கோள் மென்பொருள் செய்யும் கூத்து. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று அது நினைத்துக்கொள்ளும். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ என்றால் தியாங்கோவின் மகன் கூகி, எனவே அவரைக் ‘கூ’வில்தான் தேட வேண்டும். எத்தியோப்பியாவின் அபிய் அகமதுவில் அகமது தந்தை பெயர். பர்மாவின் ஊ தாண்ட்டுக்கு இருந்தது தாண்ட் என்ற ஒரே பெயர்தான், ‘ஊ’ என்பது மரியாதைச் சொல். இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கும் ஒரே பெயர்தான். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்தை இந்த மென்பொருள் என்ன பாடுபடுத்தும் என்பது நமக்கே தெரியும். தானாக உருவான பட்டியலைக் கடைசியில் ஒரு முறை கையால் திருத்துங்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வாளர் இன்று நம்மிடையே இருப்பவர் என்றால், உங்கள் பெயரை எப்படிப் போடட்டும் என்று ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.