முதல் ப்ரோக்ராமிங் மொழி எதுன்னு மண்டைய உடைச்சிக்கிறவங்களுக்கு

கோடிங் கத்துக்கணும் ஆனா எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு மாசக்கணக்குல சுத்துறவங்க நிறைய பேர், நானும் அப்படி சுத்துனவன்தான். முதல்ல சி, பாயின்டர்ங்கிற கஷ்டமான பாடம் வந்ததும் ஓட்டம். அடுத்து யாரோ ஜாவா படிச்சாத்தான் வேலைன்னு சொன்னாங்கன்னு ஜாவா, அத இன்ஸ்டால் பண்ணி பாத் செட் பண்றதுக்குள்ளயே வெறுத்துப்போச்சு. அப்புறம் பைத்தான், அது நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு, நடுவுல "பைத்தான் ரொம்ப ஸ்லோ"ன்னு ஒரு வீடியோவ பாத்துத் தொலைச்சிட்டு சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் தாவிட்டேன். ஆறு மாசம் கழிச்சி திரும்பி பாத்தா நாலு மொழில ஹலோ வேர்ல்ட் பிரிண்ட் பண்ண தெரியுது, அஞ்சாவதா ஒரு விஷயமும் தெரியல.

அதனால எது பெஸ்ட்டுன்னு கேக்குறத விடுங்க. ஒரு மாசம் கழிச்சி என் கையால என்ன ஒண்ணு ஓடணும்னு கேளுங்க, பாதி பதில் அதுலயே வந்துரும். வெப்சைட்ல பட்டன அமுக்குனா ஏதாவது நடக்கணும்னா ஜாவாஸ்கிரிப்ட், அதுல யோசிக்கவே வேணாம், ஏன்னா ப்ரௌசருக்குள்ள நேரடியா ஓடுற மொழி அதுதான். எக்செல் ஃபைல்களோட மல்லுக்கட்டுற வேலைய தானா நடக்க வைக்கணும், டேட்டா, மெஷின் லேர்னிங்னா பைத்தான். ஆண்ட்ராய்டு ஆப்னா கோட்லின், ஐபோன்னா ஸ்விஃப்ட். யூனிட்டில கேம் பண்ணணும்னா சி ஷார்ப். ஆர்டுயினோ போர்டுல எல்இடி எரிய வைக்கணும்னா சி ப்ளஸ் ப்ளஸ்தான் வரும், பயப்படாதீங்க, ஆரம்பத்துக்கு தேவைப்படுறது அதுல கொஞ்சம்தான். வீட்டுல சின்ன பசங்களுக்குன்னா ஸ்க்ராட்ச், டைப் பண்ணவே வேணாம், கட்டைகள இழுத்து அடுக்குனா போதும். காலேஜ்ல சிலபஸே சி-ன்னா சி தான், பரீட்சைக்கு ஒண்ணு ஆசைக்கு ஒண்ணுன்னு ஒரே நேரத்துல ரெண்ட இழுக்காதீங்க.

எச்டிஎம்எல்ல ஆரம்பிக்கவான்னு சில பேர் கேப்பாங்க. கத்துக்கங்க, ரெண்டு நாள் வேலை, ஆனா அது வெப் பக்கத்த அடுக்கி வைக்கிறதுக்கு, அதுல லூப்பும் (ஒரே வேலைய திரும்பத் திரும்ப பண்ண வைக்கிறது) கிடையாது இஃப்பும் (இப்படி இருந்தா இத பண்ணுன்னு சொல்றது) கிடையாது.

எனக்கு குறிக்கோள்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா கத்துக்கணும்னு சொல்றீங்களா, அப்போ சண்டை பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும்தான். யார் பேச்சையும் கேக்காம நீங்களே முடிவு பண்ண ஒரு வழி சொல்றேன். நம்பர் கண்டுபிடிக்கிற கேம் ஒண்ணு எழுதுங்க, கம்ப்யூட்டர் 1லேர்ந்து 100க்குள்ள ஒரு நம்பர மனசுல வச்சிக்கும், நீங்க சொல்ற நம்பர் பெருசா சின்னதான்னு சொல்லும், சரியா சொன்னா முடிஞ்சிது. (பாதி பாதியா வெட்டிட்டே போனா எந்த நம்பரா இருந்தாலும் 7 தடவைக்குள்ள பிடிச்சிரலாம், அது ஏன்னு யோசிச்சி பாருங்க, நல்லா இருக்கும்.) இத்துனூண்டு கேம்லயே வேரியபிள் (ஒரு மதிப்ப பேர் வச்சி போட்டு வைக்கிற இடம்), லூப், இஃப், இன்புட் எல்லாம் வந்துருது. ஒரு சாயங்காலம் இதுல, இன்னொரு சாயங்காலம் அதுல.

அங்க ஒரு தப்பு கண்டிப்பா பண்ணுவீங்க, எல்லாரும் பண்றதுதான். நீங்க கீபோர்டுல அடிக்கிற 50ங்கிறது கம்ப்யூட்டருக்கு நம்பரா வராது, எழுத்தா, அதாவது ஸ்ட்ரிங்கா வரும், அத நம்பரா மாத்த மறந்துருவீங்க. பைத்தான்ல பெருசா சின்னதான்னு பாக்குற வரி வந்ததுமே டைப் எரர்னு கத்திட்டு நின்னுரும், எந்த வரின்னும் சொல்லும், ஸ்ட்ரிங்கையும் இன்டீஜரையும் (முழு எண்) ஒப்பிட முடியாதுன்னும் சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் கத்தாது. அதுவா நம்பரா மாத்திக்கிட்டு பெருசு சின்னதுன்னு ஒழுங்கா பதில் சொல்லும், ஆனா சரியான்னு பாக்குற எடத்துல மூணு சமக்குறி போட்டிருந்தீங்கன்னா எழுத்து 50ம் நம்பர் 50ம் வேற வேறன்னு சொல்லிரும், நீங்க சரியான நம்பர சொல்லிட்டே இருப்பீங்க, ஜெயிக்கவே மாட்டீங்க, எரரும் வராது. பிரண்டன் ஐக் 1995ல பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்டோட முதல் வடிவத்த எழுதுனாரு, இந்த மாதிரி கிறுக்குத்தனம்லாம் அதுல கொஞ்சம் ஜாஸ்தி. சி-ல எழுதுனா கதையே வேற, ஸ்கேன்எஃப்ல நம்பர வாங்கும்போது ஒரே ஒரு & குறிய விட்டீங்கன்னா ப்ரோக்ராம் பெரும்பாலும் அப்படியே படுத்துரும், செக்மென்டேஷன் ஃபால்ட்டுன்னு ரெண்டு வார்த்தை, அதுவும் எந்த வரில தப்புன்னு சொல்லாம. புதுசா கத்துக்கிறவருக்கு தப்பு எங்கன்னு சொல்லிக்குடுக்கிற மொழிதான் வாத்தியார் மாதிரி, அதனாலதான் என் ஓட்டு பைத்தானுக்கு. வேகம் பத்தி இப்ப கவலையே படாதீங்க, நீங்க எழுதப்போற இருவது வரி எதுல எழுதுனாலும் கண்ண சிமிட்டுறதுக்குள்ள ஓடிரும்.

ஆனா ஒண்ணு, ஜாவாஸ்கிரிப்டுக்கு எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். ப்ரௌசர தொறந்து எஃப்12 அமுக்குனா கன்சோல்னு ஒண்ணு வரும், அங்கயே எழுதலாம். எழுதுனது ஸ்க்ரீன்ல அசையறத பாத்தாத்தான் எனக்கு ஆர்வம் வரும்ங்கிற ஆளா இருந்தா தாராளமா அதுலயே ஆரம்பிங்க, ஆர்வம் போயிட்டா எந்த நல்ல மொழியும் உதவாது.

பைத்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, பழைய பாடமா புதுசான்னு ஒரு தடவை பாத்துக்கங்க. பிரிண்டுக்கு அப்புறம் அடைப்புக்குறி இல்லாம எழுதிக்காட்டுனா அது பைத்தான் 2, 2020லயே அதுக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, அந்த டேப மூடிருங்க. லேப்டாப் ரொம்ப மெதுவா, இல்ல இன்ஸ்டால்னாலே தலைவலியா, கூகுள் கோலாப் போங்க, ப்ரௌசர்லயே எழுதலாம், கோட் கூகுளோட சர்வர்ல ஓடும்.

ஏஐ கிட்ட கேட்டா இந்த கேம அஞ்சு செகண்டுல எழுதிக்குடுத்துரும். எரர் வந்தா அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க, கோட மட்டும் வாங்காதீங்க, வாங்குனா அடுத்த கேமுக்கும் அதுகிட்டதான் போய் நிப்பீங்க.

எடுத்தத மூணு மாசமாவது விடாதீங்க, நடுவுல எவன் என்ன வீடியோ போட்டாலும் சரி. அடுத்த மொழிக்கு எப்ப போலாம்னா, அந்த நம்பர் கேம எதையும் பாக்காம வெறும் ஃபைல்லேர்ந்து எழுதி முடிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா அதே கேம ரெண்டாவது மொழில எழுதுங்க. முதல் தடவை ஒரு சாயங்காலம் தின்ன வேலை இந்த தடவை கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும், லூப்பும் இஃப்பும் ஏற்கனவே தெரியும்ல, குறி எங்க போடணும்னு தேடுறதுதான் பாக்கி.