சேலத்திலிருந்து சென்னைக் கடலோரத்தில் ஃபிளாட் வாங்குவோர் கவனத்துக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் வீடு கட்டிய கணக்கு கடலோரத்துக்கு ஒத்துவராது. முதலில் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடி, அனுமதி வாங்கிய மாடிகளும் விளம்பரத்தில் சொன்னவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம்; தீயணைப்புத் துறைச் சான்றும் கேளுங்கள். கடலை ஒட்டிய மனையென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் தராதீர்கள். சட்டப்படி பில்டர் வாங்கவும் கூடாது.

பூச்சு வேலைக்கு முன்பே சைட்டுக்குப் போய்விடுங்கள், பூசிய பிறகு எல்லாக் கட்டடமும் அழகுதான். உப்புக்காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துரு உப்பி, பால்கனியின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி சொல்வது குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரம், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட். அந்த இடைவெளியைக் காக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இல்லாமல் ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் ஊருக்கு பஸ் ஏறுங்கள்.