சிகாகோ ஏரிக்கரைக்குக் கிளம்புமுன் காற்றின் திசையைப் பாருங்கள்

ஏப்ரல் முதல் ஜூன் வரை சிகாகோவின் மிச்சிகன் ஏரிக்கரைக்குச் செல்பவர்கள், வெப்பநிலையோடு காற்றின் திசையையும் பார்த்து, அது கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசுமானால், நகருக்குள் வெயில் அடித்தாலும் ஒரு மேலங்கியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஏரி நீர் மிக மெதுவாகவே சூடேறும் என்பதால், கோடை தொடங்கிய பின்னும் அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று, கரையை நகரின் உட்பகுதியைவிடப் பல டிகிரி குளிர்வித்துவிடும். (உள்ளூர் வானிலை அறிக்கைகளில் ‘ஏரியருகே குளிர்ச்சி’ என்று அடிக்கடி வருவது இதனால்தான்.) மேற்குக் காற்று வீசும் நாள்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் இருக்காது. இலையுதிர் காலத்திலோ, கோடையின் வெதுவெதுப்பை நீர் தக்கவைத்திருப்பதால், தெளிந்த இரவுகளில் கரையே உட்பகுதியைவிட இதமாக இருக்கும். கடுங்குளிர்காலத்துக்கு இக்குறிப்பு உதவாது. வடகிழக்குக் காற்று வலுத்தால் அலைகள் சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள கரையோரப் பாதையில் ஆங்காங்கே ஏறிப் பனிக்கட்டியாக உறையும் என்பதால், அன்று போகாமலிருப்பதே நல்லது.