பத்துக்குப் பத்து அறையில் விஆர் ஹெட்செட்

டிவி போல, செல்போன் போல, முகத்தில் மாட்டினால் வேறோர் உலகத்தைக் கண்முன் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டும் வீட்டுக்கு வீடு வருமா? 2014-இல் கூகுள் அதை ‘கார்ட்போர்டு’ என்ற அட்டைப் பெட்டியாகவே கொடுத்துப் பார்த்தது. 2021-இல் அந்தக் கார்ட்போர்டு விற்பனையை நிறுத்திக்கொண்டது. 2024-இல் வந்த ஆப்பிளின் ஹெட்செட்டான விஷன் ப்ரோவின் விலை 3,499 டாலர். ஆனால் விலை எவ்வளவு இறங்கினாலும், வடசென்னையின் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் அது நிலைப்பதும் பரணுக்குப் போவதும் இடத்தையும் வியர்வையையும் பொறுத்ததுதான்.

முதலில் இடம். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டுகளில் நடந்து ஆட ஆறரை அடிக்கு ஆறரை அடி வெறுந்தரை வேண்டும். கட்டில், பீரோ, தண்ணிக் குடங்கள் போக அவ்வளவு மிஞ்சாவிட்டால், செட்டிங்ஸில் ‘ஸ்டேஷனரி’ எல்லையைத் தேர்ந்தெடுத்து நின்ற இடத்திலேயே ஆடுங்கள். காலடியில் சின்ன ரப்பர் மிதியடி போட்டு வெறுங்காலோடு நில்லுங்கள். அதன் விளிம்பு காலில் பட்டால், நகர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். கோரைப்பாய் வேண்டாம், மொசைக் தரையில் வழுக்கும்.

அடுத்து, கையை மேலே தூக்கிப் பாருங்கள். சீலிங் ஃபேன் எட்டுகிறதா? நிறுத்திவிட்டு டேபிள் ஃபேன் வையுங்கள். தரையில் நீங்கள் வரையும் எல்லை தலைக்கு மேல் இருப்பதைச் சொல்லாது. முகத்தில் காற்றுப் பட்டால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்றும் தெரியும்.

இடம் தாராளமாக இருப்பது மொட்டை மாடியில்தானே என்று தோன்றும். கூடவே கூடாது. லென்ஸுக்குள் வெயில் நேராக விழுந்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல உள்ளே இருக்கும் திரை பொசுங்கிவிடும். கழற்றி வைக்கும்போதும் ஜன்னல் பக்கம் லென்ஸ் தெரியக் கூடாது. இரவிலோ ஹெட்செட்டின் கேமராவுக்கு வெளிச்சம் போதாது, கைப்பிடிச் சுவரும் கண்ணுக்குத் தெரியாது.

காட்சி வழுக்கிக்கொண்டு போனால் ஹெட்செட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதன் கேமராக்கள் அறையின் மூலைகளையும் விளிம்புகளையும் அடையாளம் வைத்துத்தான் உங்கள் இடத்தைக் கணிக்கின்றன. பீரோவின் ஆளுயரக் கண்ணாடி அவற்றைக் குழப்பும். ஒரு போர்வையால் மூடுங்கள். படமே இல்லாத வெள்ளைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். டியூப்லைட் போட்டால் போதும். செட்டிங்ஸில் டிராக்கிங் (இடம் கணிக்கும்) அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் மின்சாரம் அதுதான்.

மங்கலாகத் தெரிந்தால் இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைச் சக்கரத்தால் மாற்றுங்கள். அது உங்கள் கண்மணிகளின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும்; பெரியவர்களுக்கு அது சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். பின்பட்டை பிடரிக்குச் சற்று மேலே, மண்டை எலும்பின் அடியில் உட்கார வேண்டும். அரைக் கிலோ எடை முகத்தில் தொங்கினால் பத்து நிமிடத்தில் கன்னம் வலிக்கும்.

வியர்வைதான் பெரிய எதிரி. நெற்றி விபூதி உதிர்ந்து லென்ஸில் விழும். தேங்காய் எண்ணெய் முகத்தில் படியும் பஞ்சில் ஊறினால் நாற்றம் போகாது. முகம் துடைத்துவிட்டுப் போடுங்கள், சிலிகான் உறை மாட்டுங்கள், ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் உறையைக் கழுவிக் காயவிடுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். சானிடைசர் பட்டால் பூச்சு போய்விடும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, உள்காது ‘நிற்கிறோம்’ என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. அதனால் கார் ஓட்டம் வேண்டாம், நின்றபடி ஆடும் பாக்ஸிங்கில் தொடங்குங்கள். பாக்ஸிங் ஊறிய வடசென்னையில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தலை லேசாகச் சுற்றினாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் மறுநாள் அதைத் தொடவே மனம் வராது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மெட்டா நிறுவனமே அனுமதிப்பதில்லை.

கேரம் போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கலாம், ஹெட்செட்டுக்குள் ஒருவர்தான். அதனால் காட்சியைப் போனுக்கோ டிவிக்கோ ‘காஸ்ட்’ செய்து மற்றவர்களையும் பார்க்க விடுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். படம் விட்டுவிட்டு வந்தால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரூட்டரையும் அதே அறையில் வையுங்கள்.